ஆச்சி வீட்டுச் சொந்தங்கள்

செல்வி அத்தை (காலை 6:42): மல்லிகா, கயலுக்கு மஞ்சள் காமாலையாமே? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை

செல்வி அத்தை: நேற்று ஜவுளிக்கடையில் பார்த்தவர்கள் சொன்னார்கள். உள்ளங்கை மஞ்சள் அரைத்த மாதிரி இருக்கிறதாம்

பிரபு: யார் பார்த்தது

செல்வி அத்தை: யார் பார்த்தால் என்ன. கல்யாணத்துக்கு 20 நாள்தான் இருக்கிறது

மல்லிகா சித்தி: அப்படி எதுவும் இல்லை மதினி. பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள்

முத்துலட்சுமி அக்கா: கயல், கண் வெள்ளை எப்படி இருக்கிறது? வெயிலில் நின்று பார்

கயல்: வெள்ளையாகத்தான் இருக்கிறது அக்கா

முத்துலட்சுமி அக்கா: சிறுநீர்?

கயல்: அக்கா, இது குழு 🙈

முத்துலட்சுமி அக்கா: சொல்லு

கயல்: எப்போதும் போலத்தான்

முத்துலட்சுமி அக்கா: என்ன சாப்பிடுகிறாய்

கயல்: காலையில் ஆறு கேரட் அடித்து ஜூஸ். மதியம் பூசணிக்காய். ராத்திரி பப்பாளி. முகம் பளபளப்பாக இருக்கும் என்று ஒன்றரை மாதமாக

முத்துலட்சுமி அக்கா: சோறு?

கயல்: ஞாயிற்றுக்கிழமை மட்டும்

மல்லிகா சித்தி: என்னிடம் ஆபீசில் சாப்பிடுகிறேன் என்றாயே!!

முத்துலட்சுமி அக்கா: கேரட் நிறம்தான். காமாலை மாதிரி தெரியவில்லை. டியூட்டி, அப்புறம் வருகிறேன்

தங்கராஜ் பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். பதறாமல் படியுங்கள். 34 வருடம் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவன் சொல்கிறேன். காமாலை என்றால் பிலிருபின் என்ற நிறமி இரத்தத்தில் ஏறும். அது கண் வெள்ளையில் தெரியும், சிறுநீரும் அடர்மஞ்சளாகப் போகும். கேரட், பூசணி, பப்பாளியில் இருப்பது கரோட்டின். அதில் தேவையான அளவை மட்டும்தான் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றும். மீதி இரத்தத்தில் சுற்றும். கொழுப்பில் கரைகிற பொருள் அல்லவா, தோலின் மேலடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கோரம் ஆகிய இடங்களில் நன்றாகத் தெரியும். கண்ணுக்கு வராது. கேரட்டை மென்று தின்றால் கொஞ்சம்தான் உள்ளே சேரும். அரைத்தாலோ வேகவைத்தாலோ செல்சுவர் உடைந்து நிறையச் சேரும். 1831-ல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானியர் கேரட்டிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார், பெயரே அதனால்தான். (தொடரும்)

பிரபு: தொடர வேண்டாம் மாமா 🙏

ஆச்சி: 🎤 குரல் செய்தி (0:21)

பிரபு: ஆச்சி சொல்வது: கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுங்கள், பிள்ளையை வெயிலில் விடாதீர்கள், என் கண்ணாடியை யார் எடுத்தது

தங்கராஜ் பெரியப்பா: அம்மாவிடம் சொல்லுங்கள், இது காமாலை இல்லை, கீழாநெல்லி வேண்டாம்

செல்வி அத்தை: அம்மா சொல்வதை அண்ணன் என்றைக்குக் கேட்டார். பின்வாசல் தென்னையை வெட்டவேண்டாம் என்றும்தான் சொன்னாள்

தங்கராஜ் பெரியப்பா: அந்த மரம் கூரைமேல் சாய்ந்திருந்தது

செல்வி அத்தை: 28 காய் காய்த்தது

பிரபு: வேனுக்கு ஆள் கணக்கு யாரும் சொல்லவில்லை. 21 சீட்டா, இரண்டு வேனா?

கயல்: சோப்புப் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் போகுமா பெரியப்பா?

தங்கராஜ் பெரியப்பா: போகாது. நிறுத்தினால் தானாக மங்கும். சில வாரம், சிலருக்குச் சில மாதம்கூட.

கயல்: 20 நாளில்??

பிரபு: கைக்கு மருதாணி. காலுக்கு நலங்கு. எல்லாரும் மஞ்சள் பூசியது என்று நினைப்பார்கள் 😂

செல்வி அத்தை: நான் கேட்ட இடத்தில் கொடுத்திருந்தால் இந்தப் பட்டினியும் இல்லை, பளபளப்பும் இல்லை

பிரபு: அம்மா, குழுவில் எழுதாதே

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

மல்லிகா சித்தி: படித்துவிட்டேன் மதினி

முத்துலட்சுமி அக்கா (மதியம் 1:15): கயல், மஞ்சளை விடு, அதனால் கெடுதல் இல்லை. சோற்றை விட்டதுதான் எனக்குக் கவலை. பருப்பு, முட்டை, எண்ணெய் எல்லாம் குறைந்தால் தோல் வறண்டுபோகும். முடி இப்போது கொட்டாது, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக வரும். அதாவது மறுவீட்டுக்கெல்லாம் போய் வந்த பிறகு

கயல்: 😭

முத்துலட்சுமி அக்கா: இன்று ராத்திரி இட்லி சாப்பிடு. ஒரு தைராய்டு டெஸ்டும் பார்த்துவிடலாம் சித்தி. தைராய்டு குறைவாக இருந்தாலும் இந்த நிறம் சீக்கிரம் ஏறும். உங்களுக்கும் இருக்கிறதே. கூடவே பிலிருபின் பார்த்தால் எல்லார் வாயும் அடையும்

மல்லிகா சித்தி: கல்யாணத்துக்கு முன்னால் இரத்தப் பரிசோதனை என்றால் மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள். அப்புறம் பார்க்கலாம்

முத்துலட்சுமி அக்கா: கையில் ஒரு ஊசி குத்தி இரத்தம் எடுக்கிற விஷயம் சித்தி, யாருக்குத் தெரியப் போகிறது

மல்லிகா சித்தி: உன் சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்

பிரபு: சமையல்காரர் பட்டியலில் கேரட் அல்வா இருக்கிறது. எடுத்துவிடவா?

தங்கராஜ் பெரியப்பா: திருநெல்வேலியில் இருந்துகொண்டு கேரட் அல்வா போடுவதே தவறு

மல்லிகா சித்தி: அட்வான்ஸ் கொடுத்தாயிற்று

செல்வி அத்தை: ஒன்று சொல்கிறேன், கோபப்படக்கூடாது. நேற்று ராத்திரியே மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டேன். நல்லது நினைத்துத்தான்

முத்துலட்சுமி அக்கா: அத்தை!!

செல்வி அத்தை: அவர்களும் கீழாநெல்லிதான் சொன்னார்கள்

மல்லிகா சித்தி தட்டச்சு செய்கிறார்...

தங்கராஜ் பெரியப்பா: நான் பேசிக்கொள்கிறேன் மல்லிகா. அந்த அம்மாவின் எண்ணை அனுப்பு. கரோட்டின் பற்றி விளக்கமாக எழுதி வைத்திருக்கிறேன்

கயல்: பெரியப்பா வேண்டாம் பெரியப்பா

பிரபு: வேன்?