டானூப் கரையில் சைக்கிளும் கூடாரமும்: நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம்?

கேள்வி: கௌதமி, கோயம்புத்தூர்

வணக்கம். வரும் ஜூலை மாதம் நானும் என் தம்பியும் ஜெர்மனியின் பாஸாவ் நகரில் புறப்பட்டு, யூரோவெலோ 6 என்ற நெடும்பாதையின் ஒரு பகுதியான டானூப் ஆற்றங்கரை வழியே வியன்னா வரை சைக்கிளில் போகவிருக்கிறோம். வழியெங்கும் கூடாரத்தில் தங்கி, நாங்களே சமைத்துக்கொள்வதாக எண்ணம். ஞாயிறுதோறும் பொள்ளாச்சி வரை போய்வரும் பழக்கம் இருப்பதாலும், பாதை ஆற்றின் போக்கிலேயே செல்வதாலும், நாளைக்கு 90 கிலோமீட்டர் வீதம் நான்கு நாட்களில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஆளுக்கு 22 கிலோ சுமை. முழுவதையும் பின் கேரியரிலேயே கட்டப்போகிறோம். இப்படி ஒரு கோடையைக் கழித்துத் திரும்பியவர்கள், மறுபடி போனால் எதை மாற்றிக்கொள்வீர்கள்?

பதில்: இளங்கோ

கௌதமி, உங்கள் கணக்கில் சைக்கிள் ஓடும் நேரம் மட்டும்தான் இருக்கிறது. கூடாரத்துக்கான நேரத்தை நீங்கள் சேர்க்கவே இல்லை. 2023 கோடையில் நானும் இதே பாதையில் இதே தவற்றைச் செய்தேன்.

ஆற்றங்கரைப் புல்வெளியில் விடியும்போது, மழையே பெய்யாவிட்டாலும், கூடாரத்தின் மேல்துணி உட்புறமெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். தலை பட்டால் போதும், அத்தனையும் வழிந்து படுக்கைமேல் இறங்கிவிடும். வெயில் ஏறிக் காயும்வரை காத்திருந்தால் புறப்பட ஒன்பதரை ஆகிறது. காயாமல் சுருட்டினால் அன்றிரவு ஈரத்துக்குள்தான் படுக்க வேண்டும். ஆற்றிலிருந்து தள்ளி, மரத்தடியில் அடித்து, இருபுறத் திறப்புகளையும் சற்று விட்டுவைத்த இரவுகளில் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது.

சுமையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நானும் எல்லாவற்றையும் பின்னால்தான் கட்டினேன். மூன்றாம் நாள் கிரைன் ஊரைத் தாண்டியதும் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பின்சக்கரம் கோட்டம் விழுந்து பிரேக்கில் உரசத் தொடங்கியது. பல்சக்கரங்கள் இருக்கும் வலப்பக்கத்தில் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று தலைப்பகுதியிலேயே அறுந்திருந்தது. பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக அந்தப் பக்கக் கம்பிகளைச் செங்குத்தாகவும் அதிக இழுப்போடும் கட்டுவதால், பெரும்பாலும் அங்கேதான் அறுகிறது. என்னிடம் மாற்றுக் கம்பி இருந்தும் பல்சக்கரத்தைக் கழற்றும் கருவி இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு. ஆகவே சுமையில் ஒரு பகுதியை முன்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாக மாட்டுங்கள். புறப்படும் முன் நல்ல கடையில் இரண்டு சக்கரங்களுக்கும் கோட்டம் எடுத்துவிடுங்கள். அந்தச் சிறு கருவியையும் உரிய நீளத்தில் நான்கு கம்பிகளையும் கையோடு வைத்திருங்கள். 22 கிலோவை 15 கிலோவாகக் குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது. நான் சுமந்து சென்ற துணிகளில் பாதியை உடுத்தவே இல்லை.

நாளைக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். மவுத்ஹவுசனில் நாஜிகளின் வதைமுகாம் இருந்த இடம் இன்று நினைவிடமாக இருக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து குன்றேறிப் போக வேண்டும். 90 கிலோமீட்டர் கணக்கைக் காப்பாற்றுவதற்காக நான் அங்கே ஏறாமலே கடந்துவிட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பதில்: ரெஜினா, லின்ஸ்

இளங்கோ குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமையை இங்கே வசிப்பவள் என்ற முறையில் சற்று விரிக்கிறேன். ஆஸ்திரியாவில் சனிக்கிழமை மாலை 6 மணிக்குக் கடைகளை அடைத்தால் திங்கள் காலையில்தான் திறப்பார்கள். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சில கடைகள் போன்ற ஒருசில விலக்குகளே உண்டு. ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாள் என்பதால் அன்றும் அடைப்பு. எனவே சனிக்கிழமை எங்கே கடை இருக்கிறது, எங்கே முகாம் இருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கேற்பத் தூரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

கண்ட இடத்தில் கூடாரம் அடிக்காதீர்கள். 1975ஆம் ஆண்டு வனச்சட்டப்படி, நில உரிமையாளரின் இசைவின்றிக் காட்டில் முகாமிடக் கூடாது. கீழ் ஆஸ்திரியா மாநிலத்தில் காட்டுக்கு வெளியிலும் கட்டுப்பாடு உண்டு. அதிகாரபூர்வ முகாம்கள் இந்தப் பாதையில் போதிய அளவு இருக்கின்றன. குடிநீருக்குக் கவலை வேண்டாம். ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் குழாய் இருக்கும், சைக்கிள்காரர்கள் பலரும் அங்கே புட்டி நிரப்பிக்கொள்வார்கள்.

உண்ணிக்கடியை மட்டும் இலேசாக எண்ண வேண்டாம். அதனால் பரவும் மூளைக்காய்ச்சல் இந்நாட்டில் உண்டு. தடுப்பூசியின் முதல் இரண்டு தவணைகளுக்கிடையே வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதங்கள் விட வேண்டியிருப்பதால், இப்போதே மருத்துவரைக் கேளுங்கள். மாலைதோறும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கௌதமி

மிக்க நன்றி, அண்ணா, அக்கா. நாட்களை ஏழாக உயர்த்திவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள்: அடுப்புக்கான கேஸ் குப்பியை இங்கிருந்தே கொண்டுவரலாமா? மெல்க் நகருக்குப் பிறகு எந்தக் கரை நல்லது?

ரெஜினா

குப்பியை விமானத்தில் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். இங்கே வந்துதான் வாங்க வேண்டும். திருகி மாட்டுவது, அழுத்திப் பூட்டுவது என்று இரு வகைக் குப்பிகள் உண்டு. ஒன்றுக்கான அடுப்பில் மற்றது பொருந்தாது என்பதால் உங்கள் அடுப்பின் வாயைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்க் முதல் கிரெம்ஸ் வரையிலான வாஹாவ் பள்ளத்தாக்கில் நான் தென்கரையைச் சொல்வேன். வடகரையில் வாகனங்கள் அதிகம். தென்கரை அமைதியாக, ஆப்ரிகாட் தோப்புகளின் ஊடே போகிறது, ஜூலையில் பழம் பழுத்திருக்கும். டூர்ன்ஷ்டைனுக்கு எதிரே ரோஸாட்ஸ்பாக்கில் ஆற்றை ஒட்டியே முகாம் இருக்கிறது. வடகரையின் ஷ்பிட்ஸ் ஊரையும் பார்க்க விரும்பினால், ஆர்ன்ஸ்டார்ஃபிலிருந்து வடத்தில் கோத்த படகில் சைக்கிளோடு ஏறிக்கொள்ளலாம். அதற்கு எஞ்சின் கிடையாது. படகைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். வெள்ளக் காலத்தில் அதை நிறுத்திவிடுவார்கள். மெல்க்கை விட்டால் கிரெம்ஸுக்கு எதிரே தென்கரையில் இருக்கும் மவுட்டர்ன் வரை பாலமே இல்லாததால், ஆறு பெருகியிருந்தால் எந்தக் கரை என்பதை மெல்க் பாலத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.