ஸ்கேன்டிர் வரிசையில் 10 ஏன் 2-க்கு முன்னால் வருகிறது?

கேள்வி: நிரல்மாணவி
வணக்கம். லினக்ஸில் ஓர் அடைவிலுள்ள படக்கோப்புகளைப் பெயர்வரிசையில் பட்டியலிடும் நிரலைச் சி மொழியில் எழுதி வருகிறேன். அடைவைப் படித்துப் பட்டியல் தரும் ஸ்கேன்டிர் செயற்கூற்றுக்கு, பெயர்களை ஒப்பிடும் ஆல்ஃபாசார்ட் செயற்கூற்றைக் கொடுத்தால் படம்1, படம்10, படம்2 என்றே வரிசை அமைகிறது. எண்ணின் மதிப்புப்படி அடுக்க வழியுண்டா? உட்கோப்புறைகளை விலக்க, பதிவின் வகையைச் சொல்லும் டி_டைப் புலத்தை மட்டும் நம்பலாமா? முடிவில் நினைவகத்தை எப்படி விடுவிக்க வேண்டும் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.

மறுமொழி: கருநிரல்
ஆல்ஃபாசார்ட் பெயர்களை எழுத்துகளாகவே பார்க்கிறது. 1 என்னும் எழுத்து 2-க்கு முந்தியது என்பதால் 10 முன்னால் வந்துவிடுகிறது. ஹெடர் கோப்புகளைச் சேர்ப்பதற்கு முன்பே _ஜிஎன்யூ_சோர்ஸ் மேக்ரோவை வரையறுத்துவிட்டு, ஆல்ஃபாசார்ட் இருக்கும் இடத்தில் வெர்ஷன்சார்ட்டைக் கொடுங்கள். அது தொடர்ச்சியான இலக்கங்களை ஒரே எண்ணாக ஒப்பிடும். ஆனால் முன்னால் சுழியம் இருந்தால் அந்த எண்ணைத் தசமப் பின்னம்போல் கருதுவதால், 010 என்பது 09-க்கு முன்னால் நிற்கும். சில பெயர்களில் சுழியம் இட்டும் சிலவற்றில் இடாமலும் இருந்தால் வரிசை நீங்கள் எதிர்பார்த்தபடி அமையாது. மேலும், ஸ்கேன்டிரும் ஆல்ஃபாசார்ட்டும் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் 2008 தரத்தில் இடம்பெற்றவை. வெர்ஷன்சார்ட் அத்தரத்தில் இல்லாத ஜிஎன்யூ நீட்சி மட்டுமே.

மறுமொழி: அடைவுக்காரர்
டி_டைப் புலத்தை மட்டும் நம்பாதீர்கள். எல்லாக் கோப்பு முறைமைகளும் அதை நிரப்புவதில்லை. டிடி_அன்னோன் (வகை தெரியவில்லை) என்று வந்தால், கோப்பின் விவரங்களைத் தரும் எல்ஸ்டாட் மூலம் வகையை அறிய வேண்டும். அப்போது டி_நேம் புலத்தில் பாதையின்றி வெறும் பெயர்தான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. அதை அப்படியே எல்ஸ்டாட்டுக்குக் கொடுத்தால், நீங்கள் அலசும் அடைவை விட்டுவிட்டு நிரல் அப்போது இயங்கும் அடைவில் அது தேடும். ஸ்கேன்டிரின் வடிகட்டிச் செயற்கூற்றுக்குக் கூடுதல் தரவு எதையும் அனுப்ப இயலாது என்பதால் அடைவின் பாதையைக் குளோபல் மாறியில் வைக்க நேரிடும். எனக்கு அது உவப்பானதன்று. வகையோ அளவோ தேவைப்படும் வேளைகளில் ஓப்பன்டிர், ரீட்டிர் கொண்டு படித்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரே ஒரு முறை ஸ்டாட் தகவலைப் பெற்று, என் சொந்த ஸ்ட்ரக்ட் அணியில் சேர்த்து, வரிசைப்படுத்தும் கியூசார்ட்டுக்குக் கொடுப்பதையே பரிந்துரைக்கிறேன். ஒப்பீட்டுச் செயற்கூற்றுக்குள் ஸ்டாட்டை அழைத்தால் ஒரே கோப்புக்கு அது திரும்பத் திரும்ப இயங்கும்.

நினைவகத்தைப் பொறுத்தவரை, முதலில் ஒவ்வொரு பதிவையும், பிறகு பட்டியலையும் ஃப்ரீ செய்யுங்கள். ஸ்கேன்டிர் -1 திருப்பினால் பட்டியலைத் தொட வேண்டாம். ஒரு பதிவை முழு ஸ்ட்ரக்டாக நகலெடுப்பதும் ஆபத்தானது. ஒவ்வொரு பதிவுக்கும் பெயரின் நீளத்துக்கு ஏற்ற இடமே ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதால் எல்லை மீறிப் படிக்க நேரும்.

மறுமொழி: கருநிரல்
பெயர்கள் தமிழில் இருப்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். நிரலின் தொடக்கத்தில், லோக்கேலை (மொழி, வட்டார அமைப்பை) ஏற்கும் செட்லோக்கேலை வெற்றுச் சரத்துடன் அழைக்காவிட்டால் ஆல்ஃபாசார்ட்டும் பைட் வரிசையிலேயே ஒப்பிடும். யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தும் ழகரம் வகரத்துக்கு முன்னும் இருப்பதால், அந்த வரிசை நம் அகரவரிசையோடு பொருந்தாது. வெர்ஷன்சார்ட் லோக்கேலைப் பார்ப்பதே இல்லை. உங்கள் கோப்புகள் அனைத்தும் படம் என்றே தொடங்குவதால் இப்போதைக்கு வேறுபாடு தெரியாது; பெயர்கள் பலவகையாகும்போது சொற்பகுதியை லோக்கேல்படி ஒப்பிடும் ஸ்டர்கால் கொண்டும் எண்பகுதியை மதிப்பைக் கொண்டும் ஒப்பிடும் செயற்கூற்றை நீங்களே எழுத வேண்டும்.