'படர்க்கை' என்ற பெயர் எப்படி வந்தது?

கேள்வி:
ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் நேற்று இலக்கண நோட்டை நீட்டினாள். "தன்மை என்றால் நான். முன்னிலை என்றால் முன்னால் நிற்கிற நீ. படர்க்கை என்றால் கொடி படர்வதா, அப்பா?" கொல்லையில் அவரைப் பந்தலைப் பார்த்தபடியே கேட்டாள். பதில் சொல்ல முடியாமல் விழித்தேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். இப்படிக் கேட்கிற குழந்தையைக் கண்டால் நெஞ்சு குளிர்கிறது. கொடி படர்வதும் அதே சொல்தான். ஆனால் 'படர்தல்' என்பதற்குச் செல்லுதல், நினைத்தல் என்ற பொருள்களும் உண்டு. 'கை' இங்கே உறுப்பன்று. வருகை, செய்கை என்பவற்றில் வரும் விகுதி. பேசுகிறவரையும் கேட்கிறவரையும் விட்டுப் பேச்சு அப்பால், அவன், அவள், அது என்று செல்லும் இடம் படர்க்கை. திருக்குறளின் 117ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: படர்மெலிந்திரங்கல். அருகில் இல்லாத காதலனை நினைத்து நினைத்து மெலியும் துன்பத்துக்கும் 'படர்' என்றே பெயர்.

பதில் 2:
தொல்காப்பியத்தில் சொற்களைப் பற்றிய கிளவியாக்கம் என்ற இயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான். ஆனால் அவனுக்குக் கொடுத்தான்.

பதில் 3:
அரபு இலக்கணத்தில் படர்க்கைக்குக் 'காயிப்' என்று பெயர். நேரில் இல்லாதவர் என்பதே அதன் பொருள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். நோட்டின் ஓரத்தில் 'ஆச்சி ஊருக்குச் சென்றாள்' என்று எழுதி, 'சென்றாள்' என்பதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறாள்.