‘தாத்தா வீடு’ வாட்ஸ்அப் குழுவில் சித்தியின் புதுப் போன்

*செவ்வாய், மதியம் 1:20*

சித்தி: போன வாரம் வாங்கிய போன் இப்போதே 22 சதவீதம் காட்டுகிறது. காலையில் எழுந்தபோது 100 இருந்தது. பேட்டரி கொள்ளளவு 5000 எம்ஏஎச் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? பழைய போனே இதைவிடத் தேவலை, ராத்திரி வரை வரும்.

மாமா: முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டாயா செல்வி? அதை விட்டுவிட்டால் ஆயுசுக்கும் இப்படித்தான்.

சித்தி: கடையிலும் அதைத்தான் சொன்னார்கள் அண்ணே. ராத்திரி முழுக்கப் போட்டேன்.

மாமா: அப்படியென்றால் பேட்டரியே டூப்ளிகேட்.

மாமா: பேட்டரி சேவர் ஆப் ஒன்று இருக்கிறது, நான் போட்டிருக்கிறேன். லிங்க் அனுப்பவா?

கணேஷ்: மாமா லிங்க் வேண்டாம்!! சித்தி, எதையும் இன்ஸ்டால் பண்ணிவிடாதீர்கள். எங்கள் போன் ரிப்பேர் கடையில் கூட்டம். கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

பெரியப்பா: அந்த எட்டு மணி நேரக் கணக்கு நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து வழக்கம். அந்தப் பேட்டரிகளைப் பாதியில் சார்ஜ் போட்டுப் போட்டு எடுத்தால் கொள்ளளவு குறைந்துபோகும், ஆகவே முழுக்கக் காலி செய்து முழுக்க நிரப்பச் சொன்னார்கள். இப்போது இருப்பது லித்தியம் அயனி. 1991-இல் சோனி முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கியதற்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்ற விஞ்ஞானிகள் மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். குட்இனஃபுக்கு அப்போது 97 வயது.

மாமா: அத்தான் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் நோட்டைத் திறங்கள்.

பெரியப்பா: லித்தியத்துக்கு முழுக்கக் காலியாவதும் பிடிக்காது, 100-இல் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதும் பிடிக்காது. நடுவில் இருந்தால் நிம்மதியாக இருக்கும்.

அத்தை: நம்மைப் போலத்தான் 😄

மாமா: என் பழைய நோக்கியா 1100 நினைவிருக்கிறதா? டார்ச் லைட் வைத்தது. ஒரு தடவை சார்ஜ் போட்டுவிட்டுத் திருச்செந்தூர் போய், இருந்து கும்பிட்டு வந்தாலும் கட்டை குறையாது. பேட்டரி என்றால் அது பேட்டரி.

கார்த்தி: மாமா, அதன் பேட்டரி வெறும் 850 எம்ஏஎச். சித்தி போனில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதன் திரை 96-க்கு 65 புள்ளி, கறுப்பு வெள்ளை. இன்டர்நெட் கிடையாது. பேட்டரி பெரியதில்லை, வேலைதான் குறைவு.

*மதியம் 2:45*

கணேஷ்: வந்துவிட்டேன். சித்தி, போனைக் குறை சொல்வதற்கு முன் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். செட்டிங்ஸ் போய் ‘பேட்டரி’, அதற்குள் ‘பேட்டரி யூசேஜ்’. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்கே போடுங்கள். சில போனில் பெயர் கொஞ்சம் மாறியிருக்கும், ஆனால் பேட்டரி என்ற இடத்துக்குள்தான் இருக்கும்.

சித்தி: 📷 புகைப்படம்

கணேஷ்: சித்தி, இது கால்குலேட்டர்.

சித்தி: பிரியாவை எடுக்கச் சொல்கிறேன் இரு.

சித்தி: 📷 புகைப்படம்

கணேஷ்: ஆங், இதுதான். யூடியூப் 38 சதவீதம். வாட்ஸ்அப் 14. தையல் போடும்போது யூடியூபில் பாட்டு ஓடுகிறதா?

சித்தி: காலையில் சுப்ரபாதத்தில் ஆரம்பித்து மதியம் வரை ஓடும். பார்ப்பதெல்லாம் இல்லை, காதில் கேட்பதுதான்.

கணேஷ்: நீங்கள் பார்க்கவில்லை, ஆனால் திரை எரிந்துகொண்டே இருக்கிறது. காசு கட்டாத யூடியூபில் திரையை அணைத்தால் பாட்டும் நின்றுவிடும். அதனால் பாட்டுக்காக நாலைந்து மணி நேரம் விளக்கு எரிகிறது. போனில் முதல் செலவு பெரும்பாலும் திரைக்குத்தான். வெளிச்சம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

சித்தி: முழுசாக. மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது இல்லையா, வெயிலில் ஒன்றும் தெரியாது. நூல்கண்டு டப்பா மேல் சாய்த்து வைத்திருப்பேன்.

கணேஷ்: ஜன்னல் வெயில் போன் மேலேயே விழுமா?

சித்தி: பத்து மணிக்கு மேல் விழும். தொட்டால் சுடும். புதுசு அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கணேஷ்: புதுசு என்றாலும் சுடக்கூடாது சித்தி. முதலில் அதை அங்கிருந்து எடுங்கள். பாட்டுக்கு, பிடித்ததை போனிலேயே சேமித்துவைத்துக்கொண்டு மியூசிக் பிளேயரில் போடுங்கள், திரை அணைந்தாலும் பாடும். போனில் எஃப்எம் இருந்தால் இயர்போனைச் சொருகி ரேடியோ கேளுங்கள். அதற்கு நெட்டே வேண்டாம்.

கார்த்தி: டார்க் மோடு போடச் சொல் கணேஷ்.

கணேஷ்: அந்தப் போன் எல்சிடி. எல்சிடியில் பின்னால் விளக்கு எப்போதும் ஒரே அளவில் எரியும், கறுப்பாக வைத்தாலும் வெள்ளையாக வைத்தாலும் பேட்டரிக்கு ஒன்றுதான். ஓலெட் திரையில் மட்டும் கறுப்புப் புள்ளி அணைந்திருக்கும், அங்கேதான் மிச்சம்.

கார்த்தி: ஓலெட்டிலும் பெரிதாக இல்லை. பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021-இல் அளந்து பார்த்திருக்கிறார்கள். வெளிச்சம் 30-50 சதவீதத்தில் இருக்கும்போது 3 முதல் 9 சதவீதம்தான் மிச்சமாகிறது. முழு வெளிச்சத்தில் வைத்தால் 39 முதல் 47 வரை போகிறது. யார் வீட்டுக்குள் முழு வெளிச்சம் வைப்பார்கள்?

அத்தை: செல்வி வைப்பாள்.

கணேஷ்: 😂 சித்தி, அதே பக்கத்தில் மேலே ‘ஆப்ஸ்’ என்று இருக்கும், அதைத் தொட்டு ‘சிஸ்டம்ஸ்’ என்று மாற்றி இன்னொரு படம் போடுங்கள்.

சித்தி: 📷 புகைப்படம்

கணேஷ்: மொபைல் நெட்வொர்க் இவ்வளவு வருகிறதே. தைக்கிற அறையில் சிக்னல் எத்தனை கட்டை?

சித்தி: ஒன்று. சில நேரம் அதுவும் இருக்காது. பழைய கல் வீடு, உனக்குத் தெரியாதா.

கணேஷ்: அதுவும் ஒரு பெரிய காரணம். டவர் எட்டாத இடத்தில் போன் சும்மா இருக்காது, சக்தியைக் கூட்டிக் கூட்டிக் கூப்பிட்டுப் பார்க்கும். 5ஜி கொஞ்சம், 4ஜி கொஞ்சம் என்று மாறி மாறித் தாவும். ஜேபியில் வைத்திருந்தாலே பேட்டரி இறங்கும். சிம் செட்டிங்ஸில் ‘ப்ரிஃபர்ட் நெட்வொர்க்’ என்று இருக்கும், அதை 4ஜி ஆக்கிவிட்டால் அடங்கும்.

பிரியா: அண்ணா 4ஜி வேண்டாம்

பிரியா: 5ஜியில்தான் அன்லிமிடெட். 4ஜி என்றால் தினம் 2 ஜிபியோடு முடிந்துவிடும்.

கணேஷ்: சித்திக்குப் பாட்டு கேட்க எதற்கு 2 ஜிபிக்கு மேல்?

பிரியா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

கணேஷ்: படத்தில் ஹாட்ஸ்பாட் என்று ஒன்று தெரிகிறதே. யார் அம்மா அது?

மாமா: 😂😂😂

பிரியா: ஸ்டடி லீவு அண்ணா. லேப்டாப்பில் கிளாஸ் வீடியோ பார்க்கிறேன். அம்மா போனில்தான் 5ஜி இருக்கிறது.

சித்தி: அடிப்பாவி. அதனால்தான் பீரோ மேல் வைத்த போன் கொதித்ததா.

கணேஷ்: திட்டாதீர்கள் சித்தி, படிக்கத்தானே. ஆனால் பிரியா, ஹாட்ஸ்பாட் என்றால் போன் ஒரு பக்கம் டவரோடும் இன்னொரு பக்கம் உன் லேப்டாப்போடும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். சிக்னல் ஒரு கட்டை உள்ள அறையில் அதைப் போட்டால் பேட்டரி எப்படி நிற்கும்? முன் திண்ணையில் வைத்துப் போடு, அங்கே நாலு கட்டை வரும். வேலை முடிந்ததும் அணை. முடிந்தால் வீட்டுக்கு ஒரு ஃபைபர் இணைப்பு வாங்கிவிடுங்கள். வைஃபை பக்கத்தில் இருந்தால் போனுக்குப் பாதி வேலை குறையும்.

கணேஷ்: இன்னொன்று. வாங்கிய முதல் வாரத்தை வைத்து எந்தப் போனையும் எடைபோட முடியாது. பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றினோம் இல்லையா? உள்ளே உட்கார்ந்து போட்டோக்களை அடுக்கும், வாட்ஸ்அப் பேக்கப்பை இறக்கும், எல்லா ஆப்பும் அப்டேட் ஆகும். எந்த ஆப்பை எப்போது தொடுகிறீர்கள் என்று கவனித்து, தொடாததைத் தூங்கவைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் 2018-லிருந்து இருக்கிறது. அது பழகவும் சில நாள் ஆகும். எங்கள் கடைக்கு ‘பேட்டரி நிற்கவில்லை’ என்று வருகிற புதுப் போன்களில் பாதியைத் திறக்காமலே திருப்பி அனுப்புகிறோம்.

மாமா: நான் தினம் ராத்திரி எல்லா ஆப்பையும் மேலே தள்ளித் தள்ளி மூடிவிடுவேன். என் போன் அதனால்தான் நிற்கிறது.

கணேஷ்: ஒவ்வொரு தோசைக்கும் அடுப்பை அணைத்துப் பற்றவைக்கிற மாதிரி அது மாமா. மூடிய ஆப்பை மறுபடி திறக்கும்போது முதலிலிருந்து ஏற்றும், அதற்குத்தான் கூடுதல் செலவு. அந்த பேட்டரி சேவர் ஆப்பும் இதைத்தான் செய்கிறது, நடுவில் விளம்பரம் வேறு ஓட்டுகிறது. எடுத்துவிடுங்கள்.

மாமா: பார்க்கலாம்.

கணேஷ்: வாட்ஸ்அப் 14 சதவீதத்துக்கு இந்தக் குழுவே காரணம் என்று தோன்றுகிறது. காலையில் ஆறு மணியிலிருந்து குட் மார்னிங் வீடியோ. சித்தி, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ போய், மொபைல் டேட்டாவில் தானாக இறங்குவதை எல்லாம் எடுத்துவிடுங்கள். தொட்டால் மட்டும் இறங்கும்.

மாமா: என்னைத்தானே சொல்கிறாய் ஏலே?

கணேஷ்: பெயர் சொல்லவில்லையே மாமா.

அத்தை: சொல்ல வேண்டியதே இல்லை.

*மாலை 6:10*

அத்தை: ஒரு சந்தேகம். ஆளுக்கு ஒரு போன், தினம் சார்ஜ். கரண்ட் பில் ஏறுமா?

பெரியப்பா: கணக்குப் போட்டுவிடுவோம். 5000 எம்ஏஎச், 3.85 வோல்ட். பெருக்கினால் ஏறத்தாழ 19 வாட்-மணி. சார்ஜரில் வெப்பமாகப் போவதையும் சேர்த்து 25 என்று வைத்துக்கொள். ஒரு யூனிட் 1000 வாட்-மணி. ஆக 40 தடவை சார்ஜ் போட்டால்தான் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒரு போனுக்கு ஒன்றரை யூனிட். முதல் 100 யூனிட் நமக்கு இலவசம்தானே. பயப்பட வேண்டியது மோட்டாருக்கும் கிரைண்டருக்கும்.

அத்தை: அப்பாடா.

கார்த்தி: சித்திக்கு இன்னொரு கேள்வியும் மிச்சம் இருக்கிறது. இன்று சாயங்காலம் வரை வருவது வேறு, மூன்று வருடம் கழித்தும் பேட்டரி நல்லா இருப்பது வேறு. இரண்டாவதற்கு சார்ஜ் போடும் பழக்கம்தான் முக்கியம்.

கணேஷ்: சரியாகச் சொன்னாய். சித்தி, ராத்திரி தலையணைக்குக் கீழே வைத்து சார்ஜ் போடாதீர்கள். பேட்டரிக்கு முதல் எதிரி சூடு, அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். பேட்டரி செட்டிங்ஸில் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். வெளியூர் போகிற அன்றைக்கு மட்டும் 100. இதை விரதம் மாதிரி பிடிக்க வேண்டியதில்லை, நாற்பதில் இருந்தாலும் சார்ஜ் போடலாம், ஒன்றும் கெடாது.

கார்த்தி: பாதி பாதியாக இரண்டு தடவை போட்டால் அது ஒரு சுற்றுதான். ஐபோன் 14 வரை 500 முழுச் சுற்றுக்குப் பிறகும் பேட்டரி கொள்ளளவில் 80 சதவீதம் மிஞ்சும் என்று ஆப்பிள் சொல்லியிருந்தது, 15-லிருந்து 1000 சுற்று.

பெரியப்பா: வெளியே 35 டிகிரிக்குள் இருக்கும்போது பயன்படுத்தச் சொல்கிறது அதே ஆப்பிள். சித்திரையில் திருநெல்வேலிக்கு வந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

*புதன், இரவு 7:40*

சித்தி: இப்போது 51 இருக்கிறது! காலையில் ரேடியோதான் கேட்டேன். போனை ஜன்னலிலிருந்து எடுத்து உள்ளே சுவரோரம் வைத்துவிட்டேன். வெளிச்சம் பாதிக்குக் கீழே. பிரியா திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறாள், கொசுக்கடி என்று புலம்பல்.

பிரியா: 🦟

கணேஷ்: சூப்பர் சித்தி. திரை புதுப்பிக்கும் வேகம் 120 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 தடவையில், இருந்தால் அதை 60 ஆக்கிப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் நிற்கும். கண்ணுக்கு உறுத்தினால் பழையபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: கணேசு, இவ்வளவு பேசியதும் நினைவுக்கு வந்தது. என் பழைய போன், பத்திரிகை படிக்க வைத்திருக்கிறேனே, அதன் பின்மூடி ஒரு மாதமாக லேசாகத் தூக்கியிருக்கிறது. திரைக்கு ஓரத்தில் ஒரு நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. ரப்பர் பேண்டு இரண்டு போட்டு வைத்திருக்கிறேன். பசை போட்டு ஒட்டித் தருவாயா?

கணேஷ்: பெரியப்பா!!! அது மூடி இல்லை, பேட்டரி உப்பியிருக்கிறது.

பெரியப்பா: எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு உண்டாகியிருக்குமோ?

கணேஷ்: ஆமாம், அதேதான். ரப்பர் பேண்டை மெதுவாக எடுங்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். அணைத்துவிட்டு, துணி, காகிதம் எதுவும் இல்லாத இடத்தில் சிமெண்ட் தரையில் வையுங்கள். நீங்கள் ஜேபியில் வைத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். கடையை அடைத்துவிட்டு ஒன்பதரைக்கு நானே பாளையங்கோட்டைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்.

பெரியம்மா: அது இப்போது கட்டிலில் சார்ஜில்தான் கிடக்கிறது கணேசு.

கணேஷ்: முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள் பெரியம்மா. இப்போதே.

பெரியம்மா: பிடுங்கியாயிற்று.

கணேஷ்: இப்போதே கிளம்புகிறேன். தம்பி கடையைப் பார்த்துக்கொள்வான்.