முடிப்பானா, தொங்கல் தடையியா?

அன்பின் குழுமத்தாருக்கு,

தகவல் வயரின் தலைப்பில் சமிக்ஞை மோதித் திரும்பாமலிருக்கப் போடும் தடையிக்கு (டேர்மினேற்றிங் ரெசிஸ்டர்) நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்று பேசினோமே, போன கிழமை அதில் "முடிப்பான்" என்ற சொல்லுக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இப்போது கையை இறக்குகிறேன். காரணம் சம்மாந்துறையில் ஒரு அரிசி மில்.

நெல் உலர்த்தும் பகுதியில் ஐந்து வெப்பநிலைக் கொன்ட்ரோலர்கள். அவை தகவல் அனுப்பும் ஆர்.எஸ். 485 சோடி வயர் (ஏ, பீ என்று இரண்டு) ஒரு கொன்ட்ரோலர் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று மாலை கோத்தமாதிரிப் போகிறது. ஒரு தலைப்பில் யூஎஸ்பி அடப்டரும் லப்டொப்பும். மொட்பஸில், அதாவது இந்தக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறையில், வெப்பநிலையை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் இரண்டு பெட்டிகள் பதில் தருகின்றன. மூன்றாவது மனம் வந்தால் தருகிறது. மற்ற இரண்டும் வாயே திறக்கவில்லை. அங்கே வேலை செய்யும் தம்பி கோல் எடுத்தார், நான் மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறினேன்.

இரண்டு பெட்டி பேசுவதால் அடப்டரின் ட்ரைவரிலும் கொம் போர்ட் இலக்கத்திலும் பிழையில்லை. மிச்சப் பெட்டிகளின் முகவரி, 9600 வேகம், பரிற்றி (பிழை பார்க்கும் பிற்) எல்லாம் பார்த்தாயிற்று, சரி. ஏ, பீ வயர்களும் மாறியிருக்கவில்லை. (இந்த இரண்டு எழுத்தையும் கம்பனிக்குக் கம்பனி தலைகீழாகப் போடுகிறார்கள். அதைப் பற்றி எழுதினால் மடல் முடியாது.) கடைசியில் எல்லாவற்றுக்கும் மின்னை நிறுத்தி, ஏக்கும் பீக்கும் இடையில் மீற்றரை வைத்தேன். 20 ஓம்.

வரவேண்டியது ஏறக்குறைய 60. தலைப்புக்கு ஒன்றாக இரண்டு 120 ஓம் தடையிகள் சமாந்தரமாக இருந்தால் 60. 20 என்றால் ஆறு இருக்கிறது. பெட்டிகளைத் திறந்தால் ஐந்திலும் கபிலம், சிவப்பு, கபிலம் வரி போட்ட 120 ஓம் தடையி, அழகாக முறுக்கி ஸ்க்ரூவுக்குள் இறுக்கியபடி. ஆறாவது அடப்டருக்குள்ளேயே இருந்தது. ஓம் குறையக் குறைய அனுப்புகிற கருவிக்குச் சுமை கூடும், 485 தரம் 54 ஓம் சுமைக்குத்தான் 1.5 வோல்ற்றுக்கு உறுதி சொல்கிறது. ஒரு மூட்டை தூக்குகிறவன் தலையில் மூன்றை ஏற்றினால் தூரத்துப் பெட்டிவரை எப்படி நடப்பான்?

"ஏன் தம்பி எல்லாத்திலயும் போட்டீங்க?"

"நீங்கதானே அண்ணன் எழுதி ஒட்டியிருக்கீங்க. வயர் முடியிற இடத்தில முடிப்பான் போடவும் எண்டு. வயர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் முடியுதுதானே?"

பனல் கதவில் என் கையெழுத்துத்தான். அவர் சொன்னதில் பிழையே இல்லை. ஒவ்வொரு துண்டு வயரும் ஒரு பெட்டியில்தான் முடிகிறது. "முடிவு" என்று நான் நினைத்தது முழுப் பாதையின் முடிவை. சொல்லில் அது இல்லை.

நடுவில் இருந்த நான்கையும் கழற்றினோம். மீற்றர் 60க்குப் பக்கத்தில் வந்தது, ஐந்து பெட்டிகளும் பேசின. (உண்மையைச் சொன்னால், மில்லுக்குள் ஓடும் அந்தக் கொஞ்ச வயருக்கு, 9600 வேகத்தில், ஒன்றுமே போடாவிட்டாலும் பேசியிருக்கும். வயரின் தலைப்பில் மோதித் திரும்பிவரும் சமிக்ஞை தொல்லை தருவது நீளத்திலும் வேகத்திலும்தான்.) அப்போது அவர் கேட்டார்: "அப்ப ரெண்டு தொங்கலிலயும் மட்டும் போட்டாக் காணுமா?"

தெருத் தொங்கல், கயிற்றுத் தொங்கல் என்று நாங்கள் நாளாந்தம் சொல்வதுதான். அதற்கு அப்பால் ஒன்றும் இல்லாத இடம் தொங்கல். நடுப்பெட்டியைப் பார்த்து யாரும் தொங்கல் என்று சொல்லமாட்டார்கள். ஆகவே என் முன்மொழிவு: தொங்கல் தடையி.

———

வணக்கம்.

கோவையிலிருந்து எழுதுகிறேன். கதை நன்றாக இருக்கிறது, சொல்தான் இடிக்கிறது. எங்களுக்குத் தொங்கல் என்றால் காதில் ஆடுவது, இல்லாவிட்டால் பாதியில் நிற்கிற வேலை. "தொங்கல் தடையி" என்று படித்தால், ரெசிஸ்டரை ஸ்க்ரூவில் இறுக்காமல் காற்றில் ஆட விட்டிருக்கிறார்கள் என்றுதான் எங்கள் பையன்கள் நினைப்பார்கள். "கடைக்கோடி மின்தடை" என்று வைத்தால் என்ன? இல்லை, பழையபடி "முனை மின்தடை"?

———

நண்பருக்கு,

காதுத் தொங்கலை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைக்கோடி என்றால் ஒன்றுதான் இருக்கும். லப்டொப் இருக்கும் பக்கத்தை யாரும் கடைக்கோடி என்று எண்ணமாட்டார்கள், அது அவர்களுக்குத் தொடக்கம். அங்கே தடையி இல்லாமல் போய்விடும். முனை என்றால் ஸ்க்ரூ இறுக்கும் முனை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. பிறகு ஐந்து பெட்டியிலும் முனை, ஐந்திலும் தடையி, நான் மறுபடியும் பஸ்ஸில்.

இங்கே பௌதிகம் படித்த ஒரு நண்பர் "அந்தத் தடையி" என்றார். அந்தம் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும், நல்ல சொல். போனில் சொல்லிப் பாருங்கள்:

"அந்தத் தடையியைக் கழற்றுங்க."

"எந்தத் தடையியை?"

உங்கள் பக்கத்துக்கு "இருகோடித் தடை" சரிவருமா? தெருக்கோடி உங்களுக்கும் தெரியும், இரண்டு என்பதும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ரூபாய்க் கணக்கு என்று ஒருமுறை சிரிப்பார்கள், சிரித்த சொல் மறக்காது. பட்டியலில் தொங்கல் தடையி, இருகோடித் தடை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம் என்பது என் எண்ணம்.

சம்மாந்துறைப் பனலில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டியது இது:

"தொங்கல் தடையி, 120 ஓம். ஒரு தொங்கல் அடப்டருக்குள்ளேயே இருக்கிறது. மற்றத் தொங்கல் ஐந்தாம் பெட்டி. இடையில் போட வேண்டாம். மின்னை நிறுத்தி ஏ, பீ அளந்தால் 60 வரவேண்டும். அடப்டரை மாற்றினால் மறுபடி அளக்கவும்."

கடைசி வரி தம்பி சேர்த்தது. அடப்டருக்கு "இணக்கி" என்று எழுதியவருக்குத் தனி மடலில் பதில் போடுகிறேன், அதில் எனக்கு வேறு சண்டை இருக்கிறது.