மருந்துக் கடையில் கேட்ட யோசனை: மும்பைக்காரர்களின் அனுபவங்கள்

தாராவிக்காரன்:
90 அடி சாலை மெடிக்கல்களைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு வறட்டு இருமல், ராத்தூக்கமே இல்லை. சிரப் கேட்டேன். அண்ணாச்சி பாட்டிலை எடுத்துக்கொண்டே, "அப்பா வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்றார். செல்போனில் படம் இருந்தது: ராமிப்ரில். பாட்டில் மறுபடி அலமாரிக்கே போய்விட்டது. "இந்தப் பிரஷர் மாத்திரையால் சிலருக்கு இப்படி இருமல் வரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்." டாக்டர் மாத்திரையை மாற்றினார், இருமல் அடங்கியது. என்னை உறுத்துவது வேறு. சுவரில் சட்டம் போட்டு மாட்டிய பார்மசிஸ்ட் சான்றிதழில் ஒரு பெண்ணின் பெயர். அந்தக் கடையில் எந்தப் பெண்ணையும் நான் பார்த்ததே இல்லை.

சயான் கோலிவாடா:
அதுதானே கேள்வியே! டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவுபெற்ற பார்மசிஸ்டாக இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. உங்களுக்கு நல்லவர் வாய்த்தார். எனக்கு மழைக்காலத்தில் தொடை இடுக்கில் படர்தாமரை. வாயைத் திறப்பதற்குள் கடைப் பையன் ட்யூபை நீட்டிவிட்டான். அரிப்பு உடனே போனது, பிறகு வயிறு வரை ஏறியது. தோல் டாக்டர் ட்யூபை வாங்கி, பொடி எழுத்தில் இருந்த பீட்டாமெத்தசோன் என்ற பெயருக்குக் கீழே பேனாவால் கோடு கிழித்தார். கிழித்த வேகத்தில் களிம்பு பிதுங்கி மேசையில் வழிந்தது.

மாட்டுங்கா மாமி:
தம்பி, அது ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கும், பூஞ்சையைப் பரவ விடும். இந்த வகைக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு ஆணை வந்தாயிற்று. பூஞ்சைக்கான மருந்தான க்ளோட்ரிமசோல் மட்டும் உள்ள களிம்பு தனியாகக் கிடைக்கும், பார்த்து வாங்க வேண்டும். தடம் மறைந்துவிட்டது என்று பாதியில் விடக் கூடாது, அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் தடவ வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே துண்டு என்றால் எந்தக் களிம்பும் உதவாது. மழையில் உள்ளாடை காயவில்லையா, இஸ்திரி போட்டாவது ஈரத்தை எடு. ஜீன்ஸைக் கொஞ்ச நாள் மறந்துவிடு. வயிறு வரை ஏறியதற்கு மாத்திரையும் தேவைப்படலாம், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
என் அனுபவமா? கால் ஆணிக்குப் பிளாஸ்திரி கேட்டேன். சர்க்கரை உண்டா என்றார், ஆமாம் என்றேன். அதிலுள்ள அமிலம் சர்க்கரைக்காரர் காலைப் புண்ணாக்கிவிடும், தர மாட்டேன் என்றுவிட்டார் கடைக்காரர்.

தாராவிக்காரன்:
சயான் நண்பரே, சட்டம் சரிதான். ஆனால் அண்ணாச்சியை எழுப்பிவிட்டுச் சான்றிதழ்காரரை உட்கார வைத்தால், அவர் அப்பாவின் மாத்திரையைக் கேட்டிருப்பாரா? மாமி, கால் ஆணிக்குப் பிறகு என்னதான் செய்தீர்கள்? அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு.