சஸ்பென்ஷன்: இடைநீக்கமா, தொங்கலா, வில்லா?

அன்பர்களுக்கு வணக்கம். சக்கரத்துக்கும் வண்டிப் பெட்டிக்கும் நடுவே இருந்து குலுக்கலைக் குறைக்கும் சஸ்பென்ஷனுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> சஸ்பென்ஷனுக்குத் ‘தொங்கல்’ என்று வைத்துக்கொள்ளலாமே. மூலச் சொல்லின் பொருளும் அதுதானே?

வைத்துக்கொள்ளலாம். ஆனால் எது எதில் தொங்குகிறது என்று யாராவது எனக்குக் காட்ட வேண்டும். கடந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் எங்கள் வீட்டுச் சிறு லாரியான டாடா 407-க்கு அடியில் மல்லாந்து படுத்தே கழித்தேன். அங்கே தொங்கிக்கொண்டிருந்தது சேறு காய்ந்த ஒரு சாக்குக் கயிறு மட்டும்தான்.

ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு நியாயம் உண்டு. ஐரோப்பாவின் பழைய குதிரை வண்டிகளில் பெட்டியைத் தோல்வாரில் உண்மையாகவே தொங்கவிட்டிருந்தார்கள். பிறகு எஃகு வில் வந்தது, வார் போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர்கள் அறுத்துப் போட்ட வாரை நாம் ஏன் எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும்? இதைவிடக் கொடுமை, உதிரிபாக விளம்பரங்களில் இப்போது காணும் ‘முன்பக்க இடைநீக்கம்’. லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட எழுத்தருக்குத்தான் இடைநீக்கம். என் வண்டி அப்படி எந்தத் தப்பும் செய்யவில்லை.

நம்மிடம் சொல் இருந்திருக்கிறது. பாரம் ஏற்றும் கட்டைவண்டிக்கு வில் கிடையாது. ஆள் ஏறிப் போகும் கூண்டு வண்டிக்கு அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை வளைத்து அடுக்கி வைத்தார்கள். அதற்கு ‘வில்வண்டி’ என்று பெயரும் வைத்தார்கள். கலைச்சொல் குழு எதுவும் கூடியதாகத் தெரியவில்லை.

இனி என் வண்டிக்கு வருகிறேன். 407 சந்தைக்கு வந்தது 1986-இல். எங்களுடையது 1991 மாடல். கொஞ்ச காலமாகவே பின்பக்கம் இடது புறமாகச் சாய்ந்து நின்றது. நம் சாலைகளில் நடுப்பகுதி மேடு, ஓரம் சரிவு. எப்போதும் இடது ஓரமாகவே ஓடும் வண்டியின் பாரம் இடது பக்கமே அதிகம் இறங்கும்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது என்பதால் சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) கீழே புளியமரக் கட்டைகளை அடுக்கி நிறுத்தினேன். பின் சக்கரங்கள் இரட்டை. வெளிச்சக்கரம் எளிதாக வந்துவிட்டது. உள்சக்கரத்துக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. வளைந்த எஃகுப் பட்டைகளின் கட்டை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் நட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. இரவெல்லாம் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தும் ஒன்று அசையவே இல்லை, அறுத்துத்தான் எடுத்தேன். (யூ போல்ட்டைக் கழற்றினால் புதிது போடுவதே முறை. ஆகவே வருத்தமில்லை.)

பட்டைக் கட்டு இரண்டையும் கழற்றித் திண்ணையில் கிடத்தினேன். எது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. முதல் பட்டையின் இரு முனையிலும் சுருட்டிய கண் இருக்கும். ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். வலப்பக்கம் 11 செ.மீ., இடப்பக்கம் 8 செ.மீ. அளவுகோலைக் கீழே வைத்த பிறகுதான் கவனித்தேன்: நூல் கட்டிய அந்தப் பட்டை நாண் ஏற்றிய வில்லேதான். அதன் ஆங்கிலப் பெயரான லீஃப் ஸ்பிரிங்கை ‘இலைச் சுருள்’ என்று எழுதியவர் ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம். அதில் இலையும் இல்லை, சுருளும் இல்லை.

ஆகவே வில்லையே வேராகக் கொள்ளலாம் என்பது என் எண்ணம். பட்டையாக இருந்தால் பட்டைவில், சுருளாக இருந்தால் சுருள்வில், கம்பியை முறுக்கி மீளவைப்பது முறுக்குவில், எல்லாம் சேர்ந்தது வில்லமைப்பு. அந்த நூலின் அளவுக்கு ‘நாணளவு’ என்று பெயரிட எனக்கு ஆசை. ஷாக் அப்சார்பர் எதையும் தாங்குவதில்லை, துள்ளலை அடக்குகிறது. ஆகவே அதிர்வுத் தாங்கியை விட அதிர்வடக்கி பொருந்தும்.

பொறியாளர்கள் வண்டியின் எடையை வில்லுக்கு மேலே உள்ளது, கீழே உள்ளது என்று பிரிப்பார்கள். அச்சு, பிரேக் டிரம், சக்கரங்கள் எல்லாம் கீழே. குழியில் விழும்போது வில்லின் உதவி இல்லாமல் அடி வாங்குவது இந்த எடைதான். இதற்கு ‘வில்கீழ் எடை’, மற்றதற்கு ‘வில்மேல் எடை’. இலக்கணப்படி புணர்த்தால் ‘விற்கீழ்’, ‘வின்மேல்’ என்று ஆகும். ஒன்று விற்பனை போலவும் மற்றது வானம் போலவும் காதில் விழுவதால் புணர்க்காமல் விட்டுவிட்டேன். புலவர்கள் பொறுத்தருள்க.

~

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, வில்லில் எனக்குத் தடையில்லை. நாங்கள் பள்ளியில் ஸ்பிரிங் பேலன்ஸை ‘விற்றராசு’ (வில் + தராசு) என்று படித்து வளர்ந்தவர்கள். யாரும் தராசை விற்றுவிட்டதாக நினைத்ததில்லை, நீங்களும் துணிந்து புணர்க்கலாம். முன்பு ஒருவர் சொன்ன ‘தாங்கமைப்பு’ மட்டும் வேண்டாம், இங்கே தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கி, அதாவது தொட்டி.

ஆனால் ஒரு காரில் சில்லை (சக்கரத்தை)ப் பிடிக்கும் கைகள், அதிர்வடக்கி, வில் எல்லாம் சேர்ந்ததுதான் சஸ்பென்ஷன். பகுதியின் பெயரை முழுமைக்கு இடுகிறீர்கள். காற்றுப் பையில் ஓடும் பஸ்ஸில் வில் எங்கே இருக்கிறது?

~

மீண்டும் நான்:

கேள்வி சரியானது. 407-இன் பின்பக்கத்தில் அது எழாது. அங்கே பட்டைவில்லே பாரம் சுமக்கிறது, அச்சை இடம் பெயராமல் நிறுத்துகிறது, பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் துள்ளலையும் ஓரளவு அடக்குகிறது. காரில் நீங்கள் சொல்வதே உண்மை. ஆனாலும் வில்வண்டி என்று சொன்னபோது சக்கரமும் நுகத்தடியும் என்ன ஆயின என்று எவரும் கேட்கவில்லை. எது புதிதோ அதைக் கொண்டு பெயர் வைத்தார்கள். காற்றுப் பையும் அமுங்கி மீள்கிறது, ஆகவே அது காற்றுவில். ‘விற்றராசு’ கண்ட பிறகு ‘விற்கீழ் எடை’க்கு இணங்குகிறேன். ‘வின்மேல்’ மட்டும் இன்னும் உறுத்துகிறது.

எனக்கே விடை தெரியாதது ஷேக்கிள். வில் அமுங்கும்போது நிமிர்ந்து நீளும், அந்த நீளத்துக்கு இடம் விட்டுப் பின்கண் முன்னும் பின்னும் ஆட வேண்டும். ஆடவிடும் இணைப்புதான் ஷேக்கிள். ‘ஊசற்கண்ணி’ என்று எழுதிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, ஆனால் கடைக்காரரிடம் கேட்டால் நகைக்கடைக்கு வழி சொல்வார்.

இடது வில்லைப் பட்டறையில் அடித்து வளைவு ஏற்றி வாங்கி மாட்டிவிட்டேன், வண்டி நேராக நிற்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். வரும் ஞாயிறு அதற்காக அடியில் படுக்கும்போது ஷேக்கிளை இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.